வெளியில் கிடந்து துருவேறிய 42 அங்குல ஸ்னோ ப்ளோவரை மறுபடி ஓட வைப்பது எப்படி?

கேள்வி இது: கனடாவின் ஒன்டாரியோவில் ஒருவர் 1970-களின் கப் கேடட் தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதோடு 42 அங்குல ஸ்னோ ப்ளோவரும் (டிராக்டரின் முன்னால் மாட்டிப் பனியை வாரி வீசும் கருவி) வந்தது. பல ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கிடந்ததால் பனியை வாரும் சுழல் திருகான ஆகர் அசையவில்லை, அடித்தகட்டில் ஓட்டை, செயின் கம்பி போல விறைத்து நிற்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் துருவைப் பார்த்து வேலையைத் தீர்மானிக்காதீர்கள். துருவும் ஓட்டையும் ஒரு வார இறுதியில் தீர்ந்துவிடும். இந்த மாதிரிக் கருவிகளைக் கொல்வது கோணல். நடைபாதை விளிம்பில் ஒரு முறை இடித்தால் ஆகரைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டின் ஒரு பக்கத்தகடு கால் அங்குலம் உள்ளே போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதன்பின் ஆகரின் இரு முனைப் பேரிங்குகளும் ஒரே கோட்டில் நிற்காது. புதுப் பேரிங் போட்டாலும் ஒரே குளிர்காலத்தில் போய்விடும், செயின் பல்லை விட்டுத் தாவும், பெல்ட் கருகும். அதனால் வரிசை இதுதான்: முதலில் பிரிப்பது, அடுத்துக் கூட்டை நேராக்குவது, அதற்குப் பிறகே பேரிங், கியர், செயின், பெல்ட். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. ப்ளோவரை டிராக்டரில் மாட்டும் தாங்கிகள், தூக்கும் கம்பி, சூட்டை (பனியை வெளியே வீசும் குழாய்) திருப்பும் கைப்பிடியும் அதன் நீளக் கம்பியும், என்ஜின் முன்னால் இருந்து கருவிக்குச் சக்தி தரும் பிடிஓ புல்லி, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் கை, அதன் ஸ்பிரிங், செயின் மூடி: இவை எல்லாம் இருக்கின்றனவா? இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் கப் கேடட்டை அறிமுகப்படுத்தி, 1981-இல் எம்டிடி நிறுவனத்துக்கு விற்றது. அந்த இருபது ஆண்டுகளில் டிராக்டரின் இரும்புச் சட்டம் (ஃபிரேம்) பல முறை மாறியிருக்கிறது. ஒரு மாடலின் தாங்கி இன்னொன்றில் அப்படியே உட்காராது. கியூஏ-36ஏ, கியூஏ-42ஏ போன்ற மாடல் எண் தகட்டிலோ ஸ்டிக்கரிலோ இருந்தால் குறித்துக்கொண்டு, உங்கள் டிராக்டரின் மாடல் எண்ணோடு கையேட்டில் ஒப்பிடுங்கள். பேரிங், செயின், சீல், பெல்ட் எல்லாம் எண் சொன்னால் எந்தத் தொழிற்சாலை உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். தாங்கியும் தூக்கும் கம்பியும் பெவல் கியரும் அப்படியில்லை. பழைய கருவிகளைப் பிரித்து விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். விடுபட்ட பாகங்களைத் தனித்தனியாகத் தேடி வாங்கினால் முழு ப்ளோவரின் விலையைத் தாண்டிவிடும்.

இதன் அமைப்பு எளிமையானது. இந்த டிராக்டரில் என்ஜினின் க்ரேங்க் ஷாஃப்ட் முன்பின்னாகக் கிடக்கிறது, ஆகர் குறுக்காகக் கிடக்கிறது. ஆக, பிடிஓ புல்லியிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து ஒரு சிறிய பெவல் கியர் பாக்ஸ், அது சுழற்சியை 90 டிகிரி திருப்பிப் பக்கவாட்டில் செயின் ஏறும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குத் தருகிறது, அங்கிருந்து செயின் வழியாக ஆகர். ஒற்றைக் கட்ட வகை இது: பனியை நடுவுக்குத் தள்ளுவதும் சூட் வழியாக வீசுவதும் ஒரே ஆகர்தான். தனியாக விசிறி கிடையாது. அதனால்தான் ஆகரின் வேகமும், ஆகருக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் இதில் இவ்வளவு முக்கியம்.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக வாஷர்கள், இடைவளையங்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று தெரிய வேண்டும். ப்ளோவர் டிராக்டரில் மாட்டியிருந்தால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தூக்கி நிறுத்த ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். கட்டையோ ஸ்டாண்டோ கொடுங்கள்.

பிடித்துப்போன போல்ட்டுகளுக்கு அவசரம் ஆகாது. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் விட்டு மறுபடி விடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஏடிஎஃப்) சரிபாதி கலந்த கலவை நன்றாக வேலை செய்யும், ஆனால் பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும். அது பட்ட இடத்தில் டார்ச் காட்டக்கூடாது. எண்ணெய்க்கு மசியாத நட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சுட வைத்து, சூடு இருக்கும்போதே திருப்ப வேண்டும். சூடாக்க வேண்டியது நட்டைத்தான், போல்ட்டை அல்ல. கூட்டைப் பிணைக்கும் சாதாரண போல்ட்டுகளில் நேரம் வீணாக்காமல் கிரைண்டரால் வெட்டி எறிந்துவிடலாம், புதியது மலிவுதான். ஷாஃப்ட், கியர் பாக்ஸ், சூட் வளையம் சம்பந்தப்பட்டவற்றில்தான் பொறுமை வேண்டும்.

இங்கே ஓர் உயிர்ப் பிரச்சினையைச் சொல்லியாக வேண்டும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த உலோகத்தில் வெல்டிங் செய்தாலோ டார்ச் காட்டினாலோ ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். சிறிதளவு சுவாசித்தாலே நுரையீரல் பாதிக்கும். டப்பாவில் குளோரின் இல்லாதது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள், அதுவும் முழுதாக உலர்ந்த பிறகே நெருப்பு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, சுரண்டும்போது பி100 வடிகட்டி போட்ட முகமூடி அணியுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டை அப்படியே வைத்து வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் தள்ளும்.

புல்லி, ஸ்ப்ராக்கெட் கழற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்று. செட் ஸ்க்ரூவைக் கழற்றியும் புல்லி அசையவில்லை என்று விளிம்பில் கடப்பாரை கொடுத்து நெம்புவார்கள். வார்ப்பிரும்பு விளிம்பு உடைந்து கையில் வரும். ஓட்டைக்குள் எட்டிப் பாருங்கள்: ஒரு ஸ்க்ரூவின் அடியில் அதைப் பூட்டுவதற்காக இன்னொரு ஸ்க்ரூ இருப்பது உண்டு. இரண்டையும் எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டின் வெளிப்பகுதியில் ஸ்க்ரூ கீறிய பிசிறை அரத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, எண்ணெய் விட்டு, குடுமியை (நடுவில் ஷாஃப்ட் நுழையும் தடித்த பகுதி) பிடிக்கும் புல்லரால் இழுங்கள். ஷாஃப்ட் முனையில் சுத்தியால் நேராக அடிக்காதீர்கள். முனை காளான் போல விரிந்தால் புதுப் பேரிங் உள்ளே போகாது. ஆகரை வெளியே இழுக்கவும் சுருள் தகட்டில் சங்கிலி கட்டி இழுக்கக் கூடாது. தகடு வெல்டிங்கோடு பிய்ந்து வரும்.

உங்களிடம் இருப்பது ஒருவேளை தனி விசிறி உள்ள இரட்டைக் கட்ட வகை என்றால் இன்னொரு விஷயம் உண்டு. அதில் ஆகர் குழாய்கள் உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டின் மேல் தளர்வாக நிற்க, ஷியர் போல்ட் (கல் மாட்டினால் தானே உடைந்து கியரைக் காக்கும் போல்ட்) மட்டும் இரண்டையும் இணைக்கும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் குழாயும் ஷாஃப்ட்டும் துருவால் ஒன்றாக ஒட்டிப்போகும். அப்போது கல் மாட்டினால் ஷியர் போல்ட் உடைந்தும் பயனில்லை. அடி முழுவதும் கியர் பாக்ஸின் வெண்கலப் பல்லில் விழும். ஷியர் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழாய் ஷாஃப்ட்டின் மேல் கையால் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் அதுதான் முதல் வேலை.

இனி கூடு. எல்லாம் கழற்றியபின் காலிக் கூட்டைச் சமமான சிமென்ட் தரையில் வைத்து மூன்று அளவு எடுங்கள். முன்வாயின் இரு மூலைவிட்டங்கள், மேலே உள்ள அகலமும் கீழே உள்ள அகலமும், இரு பேரிங் ஓட்டைகளும் பின்தகட்டிலிருந்து இருக்கும் தூரம். மூலைவிட்டங்களின் வித்தியாசம் ஒரு நூலுக்குள், அதாவது 1/8 அங்குலத்துக்குள் இருந்தால் போதும். கூடினால், நீளமான மூலைவிட்டத்தில் சங்கிலியும் ரேட்செட் இழுப்பானும் கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். தகடு திரும்பித் துள்ளும் என்பதால் தேவைக்கு மேலே கொஞ்சம் இழுத்து விட்டு அளக்க வேண்டும். பேரிங் ஓட்டைகளை ஒப்பிட இன்னும் நம்பகமான வழி: நேரான ஒரு அங்குலத் தண்டு ஒன்றைப் பழைய பேரிங்குகளோடு இரு பக்கத்தையும் கடந்து செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் போட்டபின் மறுபக்கம் தானாகவே ஓட்டைக்குள் விழ வேண்டும். நெம்பித்தான் நுழைகிறது என்றால் கூடு இன்னும் கோணலாக இருக்கிறது.

துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டும் முன் ஒரு காரியம் செய்யாவிட்டால் மேலே செய்த வேலை வீண். இரு பக்கத்தகடுகளுக்கும் இடையே ஒரு ஆங்கிள் இரும்பை போல்ட் போட்டோ புள்ளிவெல்டிங் வைத்தோ கட்டுங்கள். கூட்டின் வடிவத்தைப் பிடித்து வைப்பது அந்த அடித்தகடுதான். அதை எடுத்ததும் பக்கங்கள் விரியும். சுத்தி முனையால் தட்டிப் பார்த்து, சத்தம் மங்கலாக வரும் இடம் முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும். துருவுக்குப் பக்கத்தில் மெலிந்துபோன தகட்டில் வெல்டிங் நிற்காது, ஓட்டைதான் பெரிதாகும். ஒட்டுத்தகடு 12 கேஜ், சுமார் 2.7 மில்லிமீட்டர். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். 0.030 அங்குலக் கம்பி போட்ட சிறிய மிக் வெல்டர் இதற்குப் போதும். ஒரு அங்குலம் பற்றவைத்து, எதிர்ப்பக்கம் போய் இன்னொரு அங்குலம், ஆறவிட்டு அடுத்தது. ஒரே மூச்சில் இழுத்தால் தகடு வெப்பத்தில் முறுக்கிக்கொண்டு, ஆகர் அதில் உரசும். உள்பக்கத் தையலைத் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள். அங்கே ஒரு மேடு இருந்தாலும் பனி அதில் ஒட்டிச் சேரும்.

தரையைச் சுரண்டும் முன்விளிம்புப் பட்டை தேய்ந்து கூட்டின் தகடே தரையில் உரசியிருந்தால், அடித்தகடு போனதற்கு அதுவே காரணம். கால் அங்குலக் கனமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள பட்டையை 42 அங்குலத்துக்கு வெட்டி, பழைய ஓட்டைகளின்படி துளைத்து, சதுரக்கழுத்து போல்ட்டால் மாட்டுங்கள். தலை பனி உரசும் பக்கம், நட்டு பின்பக்கம். வெல்டிங் செய்துவிடாதீர்கள், அடுத்த முறை மாற்ற வேண்டியிருக்கும். பக்கங்களில் உள்ள சறுக்குக் கால்களும் தேய்ந்திருக்கும். அவற்றின் அடியில் பழைய இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்தாலே போதும்.

ஆகரை இரண்டு வி-கட்டைகள் மேல் வைத்துச் சுழற்றி, அசையாத ஒரு முள்ளை ஷாஃப்ட்டுக்கு அருகே நிறுத்தி வளைவைப் பாருங்கள். நடுவில் அரை நூல், அதாவது 1/16 அங்குலம், வரை விலகினால் ஓடும். அதற்கு மேல் என்றால் பிரஸ்ஸில் நேராக்க வேண்டும். சுருள் தகட்டின் விளிம்புகள் முனைகளைவிட நடுவில் அதிகம் தேய்ந்திருக்கும். ஆகருக்கும் கூட்டுக்கும் இடைவெளி ஒன்றரை நூலிலிருந்து இரண்டு நூல் வரை இருப்பது நல்லது. அரை அங்குலம் ஆகிவிட்டால் பனி அந்த இடைவெளியில் தங்கி, ஆகரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். சூட் வழியாகப் பறக்காது. நிறையப் பேர் என்ஜின் பலம் போதவில்லை என்று நினைப்பது இதைத்தான். தேய்ந்த விளிம்பில் கால் அங்குல உருண்டைக் கம்பியை வளைத்து வெல்டிங் செய்து பிறகு கிரைண்டரால் சீராக்கலாம். இடப்பக்கத்துக்கு எவ்வளவு கம்பியோ வலப்பக்கத்துக்கும் அவ்வளவே, இல்லையென்றால் சுழலும்போது வண்டியே அதிரும். இடைவெளியை இன்னும் குறைக்க ஆசைப்பட வேண்டாம். கூடு வேலை செய்யும்போது கொஞ்சம் வளையும், பனிக்கட்டி மாட்டும், உடனே உரசும்.

துரு எடுக்க ஸ்ப்ராக்கெட், தாங்கி, கைப்பிடி போன்ற சிறிய பாகங்களுக்கு மின்பகுப்பு மிகச் சிறந்தது. பிளாஸ்டிக் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. பாகம் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையில், பழைய சாதா இரும்புத்துண்டு பாசிட்டிவ் முனையில், இரண்டும் தொடக் கூடாது. ஒரு இரவு போதும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கரையும், கூடவே கூடாது. ஸ்பிரிங்கை இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி உடையும் தன்மை வந்துவிடும். பெரிய கூட்டுக்குக் கிரைண்டரில் முறுக்குக் கம்பி கிண்ண பிரஷ் போதும். குழிகளில் தங்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலக் கரைசல்.

பேரிங்குக்கு வருவோம். ஆகரின் இரு முனைகளிலும் அழுத்தித் தயாரித்த தகட்டு வளையத்துக்குள் உட்காரும் பேரிங் இருந்தால் அதன் எண்ணை மட்டும் நம்பாமல் அளந்து வாங்குங்கள். ஒரு அங்குல ஷாஃப்ட்டுக்கு எஸ்ஏ205-16 வகை, வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். முக்கால் அங்குலத்துக்கு எஸ்ஏ204-12, வெளிவிட்டம் 47. இவற்றில் மையம் விலகிய பூட்டு வளையம் வரும். அதை ஷாஃப்ட் சுழலும் திசையிலேயே திருப்பி, வளையத்தில் உள்ள குழியில் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்டியபின் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். எதிர்த்திசையில் பூட்டினால் ஓட ஓடத் தானே அவிழ்ந்து, ஷாஃப்ட்டை வெட்டிவிடும். தகட்டு வளையத்தின் போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் இறுக்கி, ஆகரைப் பத்துச் சுற்று கையால் சுழற்றி, பேரிங் தன் நேரைக் கண்டுபிடித்தபின் முழுதாக இறுக்குங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்து ஆட்டம் இருந்தால் பசை ஊற்றிச் சமாளிப்பது நிற்காது. வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் கடைவதுதான் வழி. பேரிங்குக்குப் பதில் வெண்கலப் புஷ் இருந்தால், புதியதை ஒரு இரவு எண்ணெயில் ஊறவைத்து அழுத்தி ஏற்றுங்கள்.

கியர் பாக்ஸை முதலில் வடித்துப் பாருங்கள். எண்ணெய் பால் போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங்குகள் எல்லாம் புதியதாக வேண்டும். எண்ணெய்க்குப் பதில் துருக்கலங்கல் வந்தால் பற்களைப் பார்த்தபின்தான் வேறு பாகங்களில் காசு போட வேண்டும். பல் நுனி கூர்ந்து கத்தி போலிருந்தாலோ ஓரம் உதிர்ந்திருந்தாலோ கியர் ஜோடி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த பல்லோடு புதுப் பல் ஒத்துப் போகாது. பிரிக்கும்போது ஒவ்வொரு பக்கத்து மெல்லிய இடைத்தகடுகளையும் தனித்தனிக் கவரில் போட்டு எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். பற்கள் எந்த ஆழத்தில் கடிக்கின்றன என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. மறுபடி பூட்டியபின் பல்லில் நீலச்சாயம் தடவிச் சுழற்றினால், தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஒரு ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு ஷாஃப்ட்டை அசைத்தால் மெல்லிய ஆட்டம் கையில் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுகினால் சூடு ஏறியதும் பிடித்துக்கொள்ளும்.

ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் சொன்னால் கடையில் எடுத்துத் தருவார்கள். ஸ்பிரிங் உள்ள உதடு எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய சீல் ஷாஃப்ட்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தால் புதுச் சீலும் கசியும். மெல்லிய எஃகு உறையை ஷாஃப்ட்டின் மேல் ஏற்றினால் புது மேற்பரப்பு கிடைக்கும், அல்லது சீலை ஒரு நூல் தள்ளி உட்கார வைத்துப் பள்ளத்தைத் தவிர்க்கலாம். மூச்சுத்துளை அடைத்திருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். எஃகு பெவல் பற்களுக்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில், மட்டத் துளை வரை மட்டும். இரட்டைக் கட்டக் கருவியில் வெண்கலப் புழுச்சக்கரம் என்றால் வெண்கலத்துக்கு ஏற்றது என்று எழுதிய எண்ணெயைக் கேட்டு வாங்க வேண்டும். சில ஜிஎல்-5 எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்மானம் வெண்கலத்தை அரிக்கும்.

செயினைச் சுத்தம் செய்து காப்பாற்ற முயல வேண்டாம். விறைத்த செயின் எண்ணெயில் ஊறி மடங்கினாலும் ஊசிகள் உள்ளே தேய்ந்தே இருக்கும். என்ன அளவு என்பதை ஊசிக்கும் ஊசிக்கும் உள்ள தூரத்தால் அறியலாம். அரை அங்குலம் என்றால் 40 அல்லது 41 எண் செயின். உருளையின் அகலம் 5/16 அங்குலம் என்றால் 40, கால் அங்குலம் என்றால் 41. ஊசித் தூரம் 5/8 அங்குலம் என்றால் 50. 41-ஐ விட 40 வலுவானது, ஆனால் 41-க்கான ஸ்ப்ராக்கெட்டில் அகலம் ஒத்துவராமல் ஆடும். இன்னும் நல்ல நிலையில் தெரியும் செயினையும் இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள்: 40 எண் செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், 12 அங்குலமும் மூன்று நூலும் ஆகிவிட்டால் மூன்று சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றியாக வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல் சுறா மீன் துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய பல் புதுச் செயினை ஒரே சீசனில் தின்றுவிடும். பல் மட்டும் போய் குடுமி நன்றாக இருந்தால், அதே பல் எண்ணிக்கையில் வெல்டிங் செய்யும் வகை ஸ்ப்ராக்கெட் வாங்கிப் பழைய குடுமியில் ஏற்றலாம். பல் எண்ணிக்கையை மாற்றாதீர்கள், ஆகர் வேகமே மாறிப்போகும். இணைப்பு ஊசியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். தொய்வு நடுவில் இரண்டிலிருந்து நான்கு நூல்.

ஷியர் போல்ட் உள்ள மாடலாக இருந்தால் தலையில் கோடு எதுவும் இல்லாத மிருதுவான கிரேடு 2 போல்ட்டைத்தான் போட வேண்டும், அல்லது தயாரிப்பாளர் சொன்ன போல்ட். மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. உடைந்துகொண்டே இருக்கிறதே என்று வலுவானதைப் போட்டால் அடுத்து உடைவது கியர். போல்ட் அடிக்கடி உடைந்தால் ஓட்டையைப் பாருங்கள். முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் போல்ட் அதில் ஆடி வளைந்து சோர்ந்து உடைகிறது. ஓட்டையை நிரப்பித் திரும்பத் துளையுங்கள். ஷியர் போல்ட்டே இல்லாமல் கீ போட்ட ஸ்ப்ராக்கெட்டாக இருந்தால், கல் மாட்டும்போது நழுவிக் காப்பாற்றுவது பெல்ட் ஒன்றுதான். அங்கே பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவது ஃபியூஸுக்குப் பதில் ஆணி வைப்பது போல.

பெல்ட் அளவைப் பழைய பெல்ட்டிலிருந்து எடுக்காதீர்கள், அது நீண்டிருக்கும். முன்பு யாராவது தவறான அளவும் போட்டிருக்கலாம். கையேட்டில் இருந்தால் அந்த எண், இல்லாவிட்டால் ஐட்லரை நடுநிலையில் வைத்துப் புல்லிகளைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்து பாருங்கள். மேலகலம் அரை அங்குலம் என்றால் 4எல் அல்லது ஏ, 21/32 அங்குலம் என்றால் 5எல் அல்லது பி. 4எல்440 என்பதில் 44 அங்குலம் வெளிச்சுற்று. ஏ42 என்பதில் 42 உட்சுற்று. இரண்டும் ஒரே நீளம்தான். இது தெரியாமல் இரண்டு அங்குலம் குறைந்த பெல்ட்டோடு வீடு திரும்புபவர்கள் அதிகம். சாதா பெல்ட் வேண்டாம், அராமிட் நூல் போட்ட துணியுறைப் பெல்ட்டாக வாங்குங்கள். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் பக்கங்களால் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து நழுவியிருக்கிறது; அந்தப் புல்லியை மாற்ற வேண்டும். ஐட்லரின் பேரிங் பெரும்பாலும் 6203 அளவு. கையில் சுழற்றினால் கரகரப்பு இருந்தால் யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள்.

டிராக்டர் பக்கம் பிடிஓ கிளட்சையும் பார்த்துவிடுங்கள். மூன்று விரல் வைத்த பழைய வகையில் மூன்றும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், ஒன்று முன்னால் தொட்டால் கிளட்ச் சாய்ந்து பிடித்துக் கருகும். மின்சாரக் கிளட்ச் என்றால் சுருளின் தடையை மீட்டரில் பாருங்கள், மூன்று ஓம் பக்கத்தில் இருக்க வேண்டும். என்ஜின் கோலர் நிறுவனத்தின் கே வரிசையாக இருந்தால் ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.035 அங்குலம், பற்றவைப்பு பாயின்ட் இடைவெளி 0.020. உறைநிலைக்குக் கீழே எஸ்ஏஇ 30 எண்ணெயோடு கிளப்ப முயலாமல் 5டபிள்யூ-30 ஊற்றுங்கள்.

பெயின்ட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எபாக்ஸி பிரைமர், மேலே எனாமல், வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளில். எனாமலில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருந்தால் சாதா முகமூடி போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் ஹார்டனர் இல்லாமல் பிரஷ்ஷால் அடிப்பதே நல்லது. புல்லிப் பள்ளத்திலும் பேரிங் உட்காரும் இடத்திலும் பெயின்ட் படக்கூடாது. கூட்டின் உள்ளும் சூட்டின் உள்ளும் அடிக்க வேண்டியது கிராஃபைட் பெயின்ட். ஈரப்பனி ஒட்டாமல் வழுக்கிப் போவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. சூட் வளையத்தின் துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி, ஒரு கையால் திருப்ப முடிகிற அளவுக்கு எளிதாக்குங்கள். இருக்கையில் இருந்தபடியே திருப்ப முடியாத சூட், பனிக்காற்றில் மிகவும் வெறுக்கத்தக்க பொருள்.

மாட்டியதும் பனிக்குக் காத்திராமல் ஓட்டிப் பாருங்கள். முதலில் கையால் ஒரு முழுச் சுற்று, பிறகு மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம், பிறகு முழு வேகத்தில் பத்து நிமிடம். நிறுத்தி, ஆகர் முழுதாக நின்றபின் பேரிங் கூடுகளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நேர் தவறியிருக்கிறது. பெல்ட்டையும் செயினையும் அப்போது ஒரு முறை திருத்தி இறுக்குங்கள்.

சறுக்குக் காலை, சிமென்ட் அல்லது தார் நடைபாதை என்றால் பட்டைக்கும் தரைக்கும் ஒன்றிலிருந்து இரண்டு நூல் இருக்கும்படி வையுங்கள். சரளைக்கல் என்றால் ஒரு அங்குலத்துக்கு மேல். அதற்குக் குறைந்தால் கல் பறந்து பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கும். முன்னால் இவ்வளவு எடை தொங்கும்போது பின் சக்கரம் பிடி இழக்கும். இரு பின் சக்கரத்திலும் இரும்பு எடை, அல்லது டயருக்குள் உறையாத திரவம், கூடவே டயர் சங்கிலி. சங்கிலி இல்லாமல் சரிவான நடைபாதையில் இறங்காதீர்கள்.

வேலையின்போது என்ஜின் எப்போதும் முழு வேகத்தில், வண்டி மட்டும் மெதுவாக. ஒற்றைக் கட்ட ப்ளோவர் வாய் நிறையப் பனி கிடைத்தால்தான் நன்றாக வீசும். நொறுநொறுவென்று உருகிய இரண்டு அங்குலப் பனியில் மெதுவாகப் போனால் அது சூட் குழாயில் அடைத்துக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் வேகமாகப் போக வேண்டும். அப்படியும் அடைத்தால் பிடிஓவை விடுத்து, என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் வயரைக் கழற்றி, குச்சியால் குத்துங்கள். என்ஜின் நின்றபின்னும் பெல்ட்டின் இழுவிசை தேங்கி நிற்கும். அடைப்பு விலகியதும் ஆகர் அரைச் சுற்று துள்ளும்; விரல் போக அது போதும். ஆகவே கையை எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். ஒரு மீட்டர் நீள மரக்குச்சியைச் சூட்டின் பக்கத்திலேயே கட்டி வையுங்கள். இருக்கைக்கு அடியில் அரை டஜன் ஷியர் போல்ட், இரண்டு செயின் இணைப்பு ஊசி, ஒரு பெல்ட், அவற்றுக்கு வேண்டிய ஸ்பேனர்கள் இருக்கட்டும். இந்தக் கருவி பழுதாவது கடை மூடிய இரவில்தான்.